முழங்காலில் ஒரு தட்டல்

என் காதைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கடற்படையின் விமானப் பிரிவில், மின்னணுப் போர்முறைக்கென்றே இருந்த ஒரு சிறிய ஸ்குவாட்ரனில் பதினோரு வருடம் பின்பக்கத்து இருக்கையில் பறந்தேன். குண்டு போட்டதில்லை, சுட்டதில்லை. என் வேலை கேட்பது. இதைச் சொன்னால் பினாங்கில், எங்கள் சுங்கை பினாங் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டு அண்ணன் இன்றைக்கும் சிரிப்பார். "சும்மா குந்திக்கிட்டு கேக்கறதுக்குமா நேவில ஆளு எடுக்கறாங்க?"

ஆமாம், அதற்கும்தான் எடுக்கிறார்கள். கடலில் போகிற கப்பல்கள் ராடார் அலைகளை வீசிக்கொண்டே போகும். எங்கள் கருவி அதைப் பிடித்து ஹெட்போனில் ஒலியாகக் கொடுக்கும். மீன்பிடிப் படகின் ராடார் கடுகு பொரிவதைப் போல வந்து வந்து போகும். எண்ணெய்க் கப்பலுக்குத் தடித்த குரல். ஒரு போர்க்கப்பல் நம்மையே குறிவைத்துப் பிடித்துக்கொண்டால் மட்டும், காதோரம் கொசு பறப்பதைப் போல மெல்லிய ஒலி ஒன்று நிற்காமல் வரும். நாங்கள் பயப்பட வேண்டியது அந்தக் கொசுவுக்குத்தான். திரையிலும் தெரியும், ஆனால் எங்கள் திரை பழசு. அது யோசித்து முடிப்பதற்குள் நல்ல காது சொல்லிவிடும்.

முன்னால் விமானிகள் இருவர், பின்னால் இரண்டு இருக்கைகள். ஒன்றில் நான், மற்றதில் என் கூட்டாளி. சிம்பாங் அம்பாட்காரன், கத்தோலிக்கன், அதிகம் பேசமாட்டான். இரண்டு ஹெட்போனிலும் எல்லா ஒலியும் வரும், ஆனால் தடித்த குரல்கள் அவன் பங்கு, மெல்லிய குரல்கள் என் பங்கு. ஸ்குவாட்ரனிலேயே நல்ல காது என்னுடையது என்பதால் அப்படிப் பிரித்திருந்தார்கள். அதை நான் ஒரு நாளும் அவனை மறக்க விட்டதில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. தளம் தெற்கே இரண்டு மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் பாலம் தாண்டி வருவேன், அவன் மறுகரையில், ஜுருவில் பையோடு நிற்பான். என் பழைய கெரெத்தாவில், காரைத்தான் அப்படிச் சொல்வோம், ஏசி பாதி வழியில் நின்றுவிடும், அவன் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து டிஷ்யூ எடுத்து முகம் துடைப்பான். வழியில் ஒரு கடையில் எனக்கு ரொட்டி சானாய், அவனுக்கு நாசி லெமாக். மறுநாள் காலை எண்ணெய் வாடையோடு மேலே ஏறி வடக்கே திரும்பினால், கீழே பினாங்குப் பாலமும் ஃபெரியும் கையில் எடுத்துவிடலாம் போலச் சின்னதாகத் தெரியும். கேட்கும் நேரத்தில் நாங்கள் பேசக்கூடாது. அந்த மௌனத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் போல நிம்மதியாக நான் வேறு எங்கும் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் காரில் அவனிடம் சொன்னேன். "இந்த ஸீட் போச்சுன்னா நான் யாரு லா? திரும்பவும் ஃபேக்டரில நின்னு ஸ்க்ரூ முடுக்கணும்." பதினெட்டு வயதில் ஜுருவில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் காது பார்த்தவர், "மெல்லிய சத்தம் கேக்கறது கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆறு மாசத்துல திரும்ப வாங்க" என்று ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்தார். எத்தனை வருட இன்ஜின் இரைச்சல், யாருக்குத்தான் இறங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டை மடித்து டாஷ்போர்டு பெட்டியில் போட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கூட்டாளியிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பறக்கும்போது திடீரென்று என் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவான். என் பங்கு ஒலி வந்திருக்கிறது என்று அர்த்தம். பாவம், தன் காதில் நம்பிக்கையில்லாமல் என்னிடம் கேட்கிறான் என்று நினைத்தேன். தட்டியதும் ஒலியைக் கூட்டுவேன். ஏதோ இருக்கிற மாதிரி இருக்கும். பெரிய மனுஷன் போலத் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதுவேன்.

இறங்கியதும் கிண்டல் வேறு. "என்னா மச்சான், என்னைக் கேக்காம ஒன்னும் முடியல போல?"

அவன் சிரிப்பான். "உன் காது மாதிரி வருமா லா."

அவன் மனைவிக்குப் பிரசவம் என்று ஒரு வாரம் விடுப்பில் போனான். அந்த வாரம் ஒரு பயிற்சி. எங்கள் கப்பல் ஒன்றே எதிரியாக நடித்தது. என் பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். அவர் தன் பங்கைக் கேட்டார், நான் என் பங்கைக் கேட்டேன். அன்றைக்கு மேலே ஒன்றுமே இல்லை என்று வெறும் பதிவேட்டோடு, குஷியாக இறங்கினேன்.

மாலையில் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கப்பலிலிருந்து செய்தி வந்திருந்தது. அவர்கள் எங்களை மூன்று முறை குறிவைத்துப் பிடித்திருந்தார்கள். உண்மையான சண்டையாக இருந்திருந்தால் விமானிகள் உட்பட நான்கு பேரும் கடலுக்குள். எங்கள் துவான், அப்படித்தான் கமாண்டரைக் கூப்பிடுவோம், விமானத்தில் பதிவான ஒலியைப் போட்டார். எல்லாருடைய முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. ஒருவர் பல் கூசியதைப் போலக் கண்ணைச் சுருக்கினார். துவான் என்னைப் பார்த்தார்.

எனக்கோ, மேலே சுற்றிய ஃபேன் மட்டும்தான் கேட்டது.

என் கை தானாக முழங்காலுக்குப் போனது. அப்போதுதான் புரிந்தது. மாதக்கணக்காக இரண்டு பேர் பங்கையும் ஒருவனே கேட்டிருக்கிறான்.

இருக்கை போனது. கிடங்குக்கு மாற்றினார்கள். பெண்குழந்தை பிறந்ததற்கு இனிப்புப் பெட்டியோடு திரும்பி வந்தவனை, எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தாயா என்று கேட்டேன். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு அவனே துவானிடம் போய் உண்மையைச் சொல்ல, அவனையும் ஆறு மாதம் பறக்கவிடவில்லை. நல்லா வேணும் என்றுதான் அப்போது நினைத்தேன். குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டான், போகவில்லை. வேலையை விட்டுவிட்டு ஜுருவில் ஒரு கார் பாகங்கள் கடையில் சேர்ந்தேன். ஏழு வருடம் அவனோடு பேசவில்லை. வெட்கத்தைக் கோபம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

போன மாதம், எதையும் மூன்று தடவை சொல்லிச் சலித்துப்போன என் மனைவி, எனக்குத் தெரியாமல் அவனுக்குப் போன் செய்துவிட்டாள். சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான். தலை பாதி நரைத்திருந்தது.

"கீழ ஹார்ன் அடிச்சி அடிச்சி பாத்தேன். வா லா, காது டாக்டர்கிட்ட பத்து மணிக்கு அப்பாயின்மென்ட்."

இந்த முறை அவனுடைய கார். அன்றைக்குப் பிறந்த பெண் இப்போது தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கிறாளாம். ஜாலான் முழுக்க வண்டி நெரிசல். நான்தான் ஆரம்பித்தேன்.

"எப்ப மச்சான் உனக்குத் தெரியும்?"

எனக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கவே சொன்னான். "டிஷ்யூ எடுக்க டாஷ்போர்டைத் தொறந்தேன். அந்தச் சீட்டு மடியில விழுந்துச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன் லா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். ஜுருலேருந்து பேஸ் வரைக்கும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதுவிட்டேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

மருத்துவமனையில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்கள். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க அங்கிள்" என்றாள் சோதனை செய்த பெண். தடித்த ஒலிகள் வந்தன, அமுக்கினேன். அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல்கள் மட்டும் எதையோ திருப்பிக்கொண்டே இருந்தன. பழைய ஆளாக இருந்தால் அவள் விரலைப் பார்த்தே அமுக்கியிருப்பேன். என் முழங்கால் காத்துக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பட்டனை அமுக்கவில்லை.

முடிந்ததும் வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் காது கேக்கல, மச்சான்" என்றேன்.

அவன் ஏதோ சொன்னான். என்னவென்று காதில் விழவில்லை. நான் திரும்பாததைப் பார்த்துவிட்டு முழங்காலில் ஒரு தட்டு தட்டினான்.