சளிக்குள் இருந்த புழுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் புழுவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறொருத்தியாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். இவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். எலிக்குடலைக் கத்தரியால் கீறி, உள்ளே எத்தனை புழு இருக்கிறது என்று லென்சின் கீழ் எண்ணுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதுதான். பஸ் ஓட்டும் கணவர் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "கையைக் கழுவிட்டியா?"

"உங்க ஸ்டியரிங்கைவிட என் கை சுத்தம், போங்க" என்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கையின் கணக்கைச் சந்தேகப்பட்டவர் எவருமில்லை. "அக்கா எண்ணினா எண்ணினதுதான்" என்று தலைமை டாக்டரே சொல்வார்.

அந்த வருடம் அவள் எண்ணியது ஓர் ஆராய்ச்சி மாணவிக்காக. ஆர்.என்.ஏ. என்றால் புரதம் செய்யச் செய்தி கொண்டுபோகும் சமாசாரம் என்ற அளவுக்கு அக்காவுக்குத் தெரியும். புரதமே செய்யாத ஆர்.என்.ஏ.க்களும் எக்கச்சக்கமாக இருக்கின்றனவாம். மாணவி பிடித்துவைத்திருந்தது அப்படி ஒன்றை.

"அப்ப அது தண்டச்சோறா?"

"ஐயோ, இல்லக்கா! அது சமைக்காது. ஆனா அடுப்பை எப்ப கூட்டணும், எப்ப குறைக்கணும்னு சொல்லும். குடல்ல புழு ஏறினா சளியைக் கூடுதலாச் சுரக்க வைக்குது. அந்தச் சளிதான் புழுவை வெளிய தள்ளுதுன்னு நினைக்கிறேன்."

நினைத்தபடியே வந்தது. அந்த ஆர்.என்.ஏ. இல்லாத எலிகளில் புழு மண்டிக் கிடந்தது. சாதாரண எலிகளில் பெரும்பாலும் பூஜ்யம். மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வருட உழைப்பு அது. வெள்ளிக்கிழமை கட்டுரை போக வேண்டும். அதை நம்பித்தான் அடுத்த வேலையே.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் குடல் எந்த வகை எலியுடையது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் குடலைப் போட்டுவைக்கும் குப்பிகளில் வெறும் எண்கள். விவரமெல்லாம் ஒட்டிய உறைக்குள்.

செவ்வாய்க்கிழமை அக்கா பழைய குப்பிகளை ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் குப்பியில் ஊறிய சளி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அடியில் நூல்போல மூன்று புழுக்கள். நோட்டைப் புரட்டினாள். பதினேழு: பூஜ்யம். அவளுடைய கையெழுத்துதான்.

பூஜ்யம் என்று எழுதிய பதினொரு குப்பிகளையும் எடுத்து, சளியை அலசி, மறுபடி எண்ணினாள். எட்டில் புழு இருந்தது.

எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உறை என்னவோ ஒட்டித்தான் இருந்தது. விரல்கள்தான் அதைப் பிரித்துப் படித்துவிட்டன. குடல் வழவழவென்று வந்தால் சாதாரண எலி, புழு இருக்காது என்று மாணவியின் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு முடிவு கட்டியிருக்கிறது. அந்தக் குடல்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை. செய்தது செய்ததுதானே! யாரிடமும் சொல்லாமல் எட்டுக் குப்பிகளையும் கொட்டிவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை.

காலையில் மாணவியின் மேஜைமுன் போய் நின்றாள்.

"கண்ணு, என் எண்ணிக்கை தப்பு."

மாணவி முதலில் சிரித்தாள். குப்பிகளைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"நாலு வருஷம்கா! என் நாலு வருஷம்!"

"தெரியும்மா."

"உங்களை நம்பினேனே!"

அக்கா தலை குனிந்து நின்றாள்.

இருபத்துநாலு குடல்களையும் அலசி, எண்களை மாற்றி ஒட்டி, இரண்டு பேர் தனித்தனியே எண்ணினார்கள். இரண்டு வகையிலும் புழுக்கள் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த ஆர்.என்.ஏ. சளியைக் கூட்டுவது நிஜம். ஆனால் புழு போகவில்லை. சளிக்குள் சுகமாகக் குடியிருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கட்டுரை போகவில்லை. மாணவிக்கு வந்திருக்க வேண்டிய வேலை வேறு யாருக்கோ போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, ஆய்வுக்கூடத்தில் தன் கடைசி நாளன்று, மாணவி அக்காவின் மேஜைக்கு வந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்கா. சொல்லாம இருந்திருந்தா தப்பான ஒண்ணு என் பேர்ல போயிருக்கும். அது எனக்குப் புரியுது. ஆனா கோவம் போகல. அது போனதும் ஃபோன் பண்றேன்."

"சரிம்மா. பண்ணு."

வீட்டில் கணவர், "யானைக்கும் அடி சறுக்கும், விடு" என்றார்.

"சறுக்கினது யானை. நசுங்கினது அந்தப் பொண்ணு" என்று சொல்லி அழுதாள்.

இப்போதும் அவள்தான் எண்ணுகிறாள். அவளுக்குப் பிறகு இன்னொருவரும் எண்ணுகிறார். ஃபோனை மட்டும் வேலை நேரத்திலும் அணைத்துவைப்பதில்லை. மூன்று வருடமாகிறது. அந்தப் பெண் இன்னும் கூப்பிடவில்லை.