காட்டுக்குள் அடுப்பு

கோடியக்கரைக் காட்டில் நான் வனக்காப்பாளராகச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை அது. அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசையும் அதுதான்.

அன்றைக்கு டெல்டா ஊர்களிலிருந்து ஜனங்கள் வண்டி வண்டியாக வருவார்கள். பெரும்பாலும் நடவு, களையெடுப்பு என்று வயலை நம்பியிருக்கிற குடும்பங்கள். கடலில் தலை முழுகிவிட்டு, காட்டுக்குள் மர நிழலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, செத்தவர்களுக்குப் படைப்பார்கள். சின்ன வயதில் நானும் அங்கே சுள்ளி பொறுக்கியிருக்கிறேன்.

முந்தின வருடம் யாரோ அணைக்காமல் விட்டுப்போன அடுப்பிலிருந்து புல்வெளியில் தீ பரவிவிட்டது. வெளிமான்கள் மேய்கிற இடம். ஆடிக்காற்றில் அதை அடக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டதாம். அதன் பிறகு ஒரு மான் செத்துக் கிடந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த டாக்டர், படைக்க வந்தவர்கள் வீசிப்போன பாலிதீன் பைகள் சுருண்டு கிடந்ததை வெளியே எடுத்தார். அதனால் இந்த முறை காட்டுக்குள் சமையல் கூடாது என்று முடிவானது. காட்டுக்கு வெளியே, கரையோரப் பொட்டலில் தகரக் கொட்டகை போட்டு, தண்ணீர்த் தொட்டியும் வைத்தோம். என் மேலதிகாரியான வனவர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "கும்பிடுறத நிறுத்த நாம யாரு? நெருப்ப மட்டும் நிறுத்துங்க."

நான் நுழைவுக் கயிற்றருகே நின்றேன். விறகையும் கேஸ் அடுப்பையும் இறக்கச் சொன்னேன். முனகினாலும் இறக்கினார்கள். அப்புறம் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பட்டுக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊர் வண்டி. தம்பி ஓட்டி வந்திருந்தான். பின்னால் குண்டான்களுக்கும் விறகுக்கட்டுக்கும் நடுவே அத்தை, அப்பாவின் அக்கா, உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா.

"யூனிபாரம் நல்லாத்தான் இருக்குடி. கயித்த எறக்கு" என்றார் அத்தை.

"அத்தை, வெறகு உள்ள போகக்கூடாது. கரையில கொட்டகை போட்டிருக்கு. அங்க சமைச்சுக்கங்க."

"அந்தப் பாலைமரத்தடியிலதான உங்கப்பன் வருஷா வருஷம் எங்கப்பாவுக்குப் படைச்சான்? அவனுக்கு மட்டும் பொட்டல்ல வச்சுப் படைக்கணுமா? பெத்த பொண்ணே வாசல்ல நின்னுகிட்டு வேணாங்கற!"

பின்னால் நின்ற வேனிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். "சொந்தக்காரங்கள்ல, விட்டுருவாங்க பாரு" என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே.

அந்த மரம் எனக்குத் தெரியாதா? வனவருக்குப் போன் போட்டேன். அவர், "சமையல் கரையிலதான். படையல் இலைய மட்டும் மரத்தடிக்கு எடுத்துட்டுப் போகட்டும். சூடம் ஏத்தக் கூடாது. இலைய அங்க விட்டுட்டும் வரக் கூடாது. உங்க வீட்டுக்காரங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் இதத்தான் சொல்லணும்" என்றார். வேன்காரருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"சூடம் இல்லாம என்னடி படையல்?" அத்தை வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அம்மா விறகுக்கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். "அவரு என்ன சூடத்தப் பாத்தா சாப்பிடுவாரு? பசியப் பாத்துதான் சாப்பிடுவாரு. வாங்க அண்ணி, உச்சிப் பொழுதுக்குள்ள படைக்கணும், ஒலை வைப்போம்."

கொட்டகையை நாங்கள் சரியாகப் போடவில்லை. காற்று வருகிற பக்கம் மறைப்பே இல்லை. அடுப்பு ஒரு பக்கமாகவே எரிந்தது, மணல் பறந்து சோற்றில் விழுந்தது. ஆளாளுக்கு எங்களைத் திட்டிக்கொண்டே சமைத்தார்கள்.

எனக்குப் பதில் இன்னொருவரை வாசலில் நிறுத்திவிட்டு அவர்களோடு மரத்தடிக்குப் போனேன். தம்பி இலையைப் போட்டு, சோறும் வாழைக்காய்ப் பொரியலும் பரங்கிக்காய்க் குழம்பும் வைத்து, தண்ணீர் சுற்றிவிட்டான். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். நானும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு விழுந்தேன். அத்தை, "தம்பி, தம்பி" என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். தூரத்து வெளியில் மேய்ந்த மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. தம்பி இலையை அப்படியே தூக்கிக்கொண்டான். காக்காய்க்குக் கரையில் வைத்தோம்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை ஒரு கவளத்தை மென்று என்னைப் பார்த்து, "மண்ணு" என்றார். நானும் சாப்பிட்டேன். மண்தான்.

எல்லா வண்டிகளும் போன பிறகு காட்டைச் சுற்றி வந்தோம். குறுக்கு வழியாக நுழைந்த யாரோ இரண்டு இடங்களில் சமைத்திருந்தார்கள். சாம்பல் சூடாகவே இருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்து, கல்லைக் கலைத்துப் போட்டோம்.

மறு வருடம் கொட்டகைக்குத் தெற்கிலும் மேற்கிலும் தகர மறைப்பு வைத்தார்கள். அத்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊரிலேயே சமைத்து, தூக்குச்சட்டிகளில் கொண்டுவந்தார். தன் தம்பி மகள் பெற்ற அப்பனுக்கே ஒரு சூடம் ஏற்ற விடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா என்று அம்மாவைக் கேட்டேன். "ஆளுக்குத் தகுந்தாப்புல சொல்லுவாங்க" என்றார் அம்மா. எப்படியோ, எங்கள் ஊர் வண்டிகளில் இப்போது விறகு வருவதில்லை.