அவள் தட்டில் மீன் இல்லை

என் மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது முதலில் கன்னத்தில் வந்தது. சிவந்து, பொரிப் பொரியாகி, நீர் கசிந்து, காய்ந்து பொருக்குத் தட்டும். பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று பரவியது. நடக்க ஆரம்பித்த வயதில் அவள் நடந்ததைவிடச் சொறிந்ததுதான் அதிகம். காலையில் எழுப்பினால் தலையணை உறையில் புள்ளி புள்ளியாக ரத்தம் இருக்கும். யாரும் பார்ப்பதற்குள் அதை அலசிப் போட்டுவிடுவேன். எதையும் யாரும் பார்ப்பதற்குள் செய்துவிடுவதுதான் என் பழக்கம்.

ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து போட்டில் கடலுக்குப் போய்வந்தவர். மாமியார் மார்க்கெட்டில் மீன் விற்றவர். அவர் குரல் தெருமுனைவரை போகும். நான் ஐந்தாவது வரை படித்தவள். யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. கடையில் புளி கேட்டு, அவன் பருப்பைக் கட்டிக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார்.

"இது கரப்பான். மீனு, கருவாடு, எறா, முட்டை, கத்திரிக்கா ஒண்ணியும் வாயில வெக்கக் கூடாது. ஏயு வயசு வரிக்கும் பத்தியம்."

வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். நாட்டு மருந்துக் கடை எண்ணெயைத் தடவினோம். கோவிலுக்குப் போய் மாதா பாதத்தில் உப்பும் மிளகும் வைத்தோம். சில வாரம் குறையும், மறுபடி ஏறும்.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு தடவை புண்ணெல்லாம் சீழ் வைத்துக் காய்ச்சல் அடித்தது. மாமியார் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தோல் டாக்டர் ஒரு அம்மா. புண்ணுக்கு மருந்து எழுதினார். பிறகு இரண்டு டியூப்பைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"குளிப்பாட்டி, லேசாத் துடைச்சு, ஈரம் காயறதுக்குள்ள இந்த வெள்ளைக் களிம்பை உடம்பு பூரா தடவணும். தினமும். இந்தச் சின்ன டியூப் சிவந்து கிடக்குற இடத்துக்கு மட்டும், நான் சொல்ற நாள் வரைக்கும். இது அடியோட போற நோய் இல்லம்மா, அடக்கி வெச்சுக்கலாம். சாப்பாடு என்ன குடுக்குற?"

நான் ரசம் சோறு என்றேன்.

"மீன் குடு, முட்டை குடு. இவளுக்கு அதனால வரலை. எதையாவது தின்னதும் உதடு வீங்கினா, வாந்தி எடுத்தா அப்ப மட்டும் கூட்டிட்டு வா. பிள்ளை எடையே இல்ல பாரு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தை, டாக்டரம்மா மீன் கொடுக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான். வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"இன்னா சொன்னா டாக்டரு?"

"களிம்பு குட்துகீறாங்க அத்தை."

"களிம்பா? மேல அமுக்குனா கரப்பான் உள்ள பூந்து மூச்சு இஸ்துக்கும். எத்தினி புள்ளைங்கள பாத்துகீறேன். தூக்கிப் போடு மே."

நான் தூக்கிப் போடவில்லை. குளியலறையில் சீயக்காய் டப்பாவுக்குள் இரண்டு டியூப்பையும் புதைத்து வைத்தேன். தினமும் குளிப்பாட்டிவிட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே தடவினேன். ஒரு மாதத்தில் மடிப்புகளெல்லாம் ஆறின. குழந்தை முழு ராத்திரியும் தூங்கினாள். அந்தத் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மாமியாரும் தொட்டுப் பார்த்தார். தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? வாயக் கட்டுனா வியாதி கட்டுப்படும். பத்தியம் வேலை செஞ்சிகீது."

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கள்ளத்தனமாக நான் தடவிய களிம்பே என் மகளின் பத்தியத்தை உறுதியாக்கிவிட்டது. விவரம் தெரிந்து மகள் கேட்டபோது, பனிக்குப் பூசுகிற கிரீம் என்று சொல்லி வைத்தேன். டியூப் தீரும்போது கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். "மீன் குடுக்குறியா?" என்று அந்த டாக்டரம்மா கேட்பார். தலையாட்டுவேன். இங்கேயும் பொய், அங்கேயும் பொய்.

மீன் இல்லாத நாளே இல்லாத வீடு அது. வெள்ளிக்கிழமை கறிதான் கிடையாது, மீன் உண்டு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து முள்ளை எடுத்துக்கொண்டிருப்போம். அவள் மட்டும் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு ஒவ்வொரு கையாகப் பார்ப்பாள். எதிர்வீட்டு அம்மா சிரிப்பார்.

"போட்டுக்காரன் வூட்ல கன்னியாஸ்திரி பொறந்துகீதுடி. வருசம் பூரா தபசு காலம் இதுக்கு."

என் வீட்டுக்காரர் அந்தச் சிரிப்பில் சேரமாட்டார். அம்மாவை எதிர்த்துப் பேசவும் மாட்டார். கொஞ்ச நாளில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார், பிள்ளை பார்க்கக் கூடாது என்று. கேட்டால், "காத்து இங்கதான் வருது மே" என்பார். அந்த மூலையில் காற்று வர வழியே கிடையாது.

ஏழு வயது வந்தது. வயசுக்கு வருகிற வரைக்கும் என்று மாமியார் பத்தியத்தை நீட்டினார்.

ஒன்பது வயதில் நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. மழைக்காலம். மாமியார் வழுக்கி விழுந்து படுக்கையில் இருந்ததால் நான் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. டியூப் தீர்ந்து மூன்று வாரமாயிற்று. பிள்ளைக்குக் கழுத்தும் கையும் தீயாய்ச் சிவந்துவிட்டன. இன்னா துன்ன, யாராண்ட வாங்கித் துன்ன என்று படுக்கையிலிருந்தபடியே மாமியார் விசாரித்தார். எதிர்வீட்டு அம்மா வந்து, எங்க வூட்டாண்ட ரெண்டு நெத்திலி வறுவல் துன்னுச்சு என்று சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையை அடித்தேன். கன்னத்திலேயே அடித்தேன்.

"ரெண்டே ரெண்டுதாம்மா," என்றாள்.

நெத்திலியால் வரவில்லை என்று அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் வயசுக்கு வந்ததும் மாமியாரே பத்தியத்தை முறித்தார். என் வீட்டுக்காரர் போட்டிலிருந்து நல்ல வஞ்சிரமாகப் பார்த்துக் கொண்டுவந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சுவரை விட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு துண்டை அவரே பிய்த்து அவள் வாயில் வைத்தார். அவளுக்குக் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மீன் என்றால் நோய் என்று அவள் உடம்பே படித்துவிட்டிருந்தது.

"வுடு மே, பயகிக்கும்," என்றார் என் வீட்டுக்காரர்.

பழகவில்லை. அடுத்த இரண்டாவது வருடம் மீன்பிடித் துறைமுகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாமியாரும் சீக்கிரமே போய்விட்டார்.

இப்போது மகள் மாத்தூரில் இருக்கிறாள், மணலியில் ஒரு ஆபீசில் வேலை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது. அதே கன்னம், அதே மடிப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். குழந்தையைத் தோல் டாக்டரிடம் காட்டியதை மகள் சொன்னாள்.

"குளிப்பாட்டுன ஈரத்தோட களிம்பு தடவணுமாம். சாப்பாட்ட நிறுத்த வேணாம், மீனு முட்டை எல்லாம் குடுக்கச் சொல்றாரும்மா. எனக்குப் பாத்தப்போ உன்னாண்ட யாரும் இப்டிச் சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். என் தலை அதற்குப் பழகினதுதான். ஆனால் அவள் மடியில் அந்தக் குழந்தை முழங்கையைச் சொறிந்துகொண்டு இருந்தது.

"சொன்னாங்க," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சீயக்காய் டப்பா, பஸ்ஸில் பாடம் பண்ணின வாக்கியம், தலையாட்டினது. சொல்லும்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையின் கையைப் பிடித்துச் சொறியவிடாமல் நிறுத்தினாள்.

"நெத்திலிக்கு அடிச்சியே, அப்போ?"

"தெரிஞ்சுதான் அடிச்சேன்."

"நைனாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மார்க்கெட்டில் சங்கரா மீன் இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

வாங்கி வந்து மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்தேன். வாடை தாங்காமல் மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டாள். "நீயே ஊட்டு," என்றாள். குழந்தையை மடியில் வைத்து, ஒவ்வொரு துணுக்கையும் விரலால் நசுக்கி முள் தேடினேன். மகள் கண்ணில் தட்டு படக் கூடாது என்று, என்னையறியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன், அவர் உட்கார்ந்த அதே மூலையில்.

"இந்தாண்ட திரும்பு," என்றாள் மகள், துணிக்குள்ளிருந்து. "அது துன்றத நான் பாக்கணும்."

திரும்பினேன். குழந்தை மறுபடி வாயைத் திறந்தது. நான் அதன் வாயையே பார்த்து ஊட்டினேன். மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.