மடங்கவில்லை

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சரித்திரக் கைடு கிடைப்பதில்லை. மலையாளக் கைடைப் பார்த்து வருஷா வருஷம் வாத்தியார் நானே தமிழில் எழுதிக் கொடுப்பேன். அவசரத்தில் பாதி மலையாளம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். யாராவது அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வேறு வரும்.

அந்த முறை அல்ஜியர்ஸ் பாடம். துருக்கி சுல்தானின் பேரரசில் அது ஒரு கடலோர மாகாணம். சுல்தான் கேட்டபோதெல்லாம் கப்பலும் பீரங்கியும் மாலுமிகளும் அனுப்பியது. கிரேக்கர்கள் கிளர்ந்தபோதும் அனுப்பியது. அங்கே கடலிலேயே எல்லாம் நொறுங்கின. சில வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜியர்ஸ் கரையிலேயே வந்து இறங்கினார்கள். சுல்தானிடமிருந்து படை வரவில்லை. யாருடைய சண்டைக்கோ ஆட்களைக் கடலில் கொட்டிய ஊர் என்று எரிச்சலோடுதான் எழுதினேன்.

தட்டச்சு செய்தவள் செங்கல் ஊருக்குப் போகும் ரோட்டில் டிடிபி கடை வைத்திருந்த பெண். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ் படித்து, இங்கே கல்யாணமாகி வந்தவள். கணவனுக்கு வளைகுடாவில் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. அந்தக் கடலில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக அவனிடமிருந்து போன் இல்லை.

பிழை பார்க்கப் போனபோது திரையில் ஒரு வரியைக் காட்டினாள். ‘அல்ஜியர்ஸ் கப்பல்கள் மடங்கவில்லை.’

“இந்த வரி எனக்கு நல்லா பிடிச்சு, சாறே. எத்தற அடிச்சும் மடங்கல்ல, பாருங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைடில் இருந்த மலையாளச் சொல்லை அப்படியே இறக்கி வைத்திருக்கிறேன். மலையாளத்தில் மடங்குவது என்றால் திரும்பி வருவது. தமிழ் படித்தவள் அதை வளைந்து கொடுப்பது என்று வாசித்துவிட்டாள்.

“தப்பு என்மேலயாக்கும். ‘திரும்பி வரவில்லை’ண்ணு மாத்திரு, மக்கா.”

அவள் கை அசையவில்லை.

“நேத்து அவருக்க அண்ணன் கம்பெனிக்கு விளிச்சுக் கேட்டாரு. ‘கப்பல் மடங்கல்ல’ண்ணு எனக்கிட்ட சொல்லிட்டு போனை வச்சாரு. நேத்துதான் நான் வயிறு நெறைய சோறு தின்னேன்.” என் முகத்தையே பார்த்தாள். “அது தமிழா, மலையாளமா, சாறே?”

அந்த அண்ணனை எனக்குத் தெரியும். பெருங்கடவிளையில் மலையாளம் படித்த ஆள், தமிழில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

“மலையாளமாக்கும், மக்கா.”

அவள் திரைப் பக்கம் நகர்ந்து அந்தச் சொல்லை அழித்தாள். ‘திரும்பி’ என்று அடித்தாள். மீதியை நான்தான் அடித்தேன்.