கூட்டிப் பெருக்கிய கடற்கரை

மணவாளக்குறிச்சிக்குக் கிழக்கே கடற்கரையில் நிற்கிறேன். கனிம மணல் எடுக்கக் குத்தகைக்குக் கேட்கப்படும் இந்த இடத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றனவா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆமைத் தடத்தைத் தேடினால், கரை நெடுக விளக்குமாற்றுக் கோடுகள்தான் தெரிகின்றன.

"நீங்க வாறியன்னுதான் சாரே, குருசடித் திருநாளுக்கு மாதிரி எல்லாந் தூத்துப்போட்டோம்" என்று பூரிக்கிறார் மீன் விற்கும் மரியம்மை அக்கா.

"அய்யோ, தடமெல்லாம் போச்சே அக்கா!"

"தடம் போனா என்ன, முட்ட இருக்குல்லா? நாய் தோண்டிரும்னு அதுக்க மேல எனக்க மீன் கடவத்த கவுத்திட்டுதான் தூத்தோம்."

அந்த ஓலைக் கடவத்தை மெல்லத் தூக்குகிறேன். விளக்குமாறு படாத சிறு வட்டத்துக்குள், ஆமையின் துடுப்புத் தடம் அப்படியே பதிந்திருக்கிறது.