காகமும் நாயும் உள்ள கல்

பிள்ளைகளா, பாடப் புத்தகத்தில் பழங்காலக் கல்தூண் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்துல இப்படி ஒண்ணும் இல்லையாப்பா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது. கந்தப்பளைக்கு மேலே, கல்யாணத்துக்கு முன் நான் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில். வெள்ளைக்காரத் துரை இருந்த காலம்.

கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கும்போது என் அலவாங்கின் இரும்பு முனையில் ஒரு கல் தட்டுப்பட்டது. இடுப்பளவு உயரம். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் போட்டு நடுகிற கல்தான் என்று நினைத்து, நம்பரைத் தேடி மண்ணைச் சுரண்டினோம். நம்பர் இல்லை. ஒரு பக்கம் சூரியன், பிறை. மறுபக்கம் ஒரு காகம், ஒரு நாய். நடுவில் யாருக்கும் புரியாத எழுத்து.

மரக்கறி கொண்டுவரும் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் விளக்கினார். அந்தக்கால அரசர் யாருக்கோ நிலம் கொடுத்து நட்ட கல்லாம். சூரியனும் சந்திரனும் உள்ளவரை அது செல்லும். மீறுகிறவன் நாயாகவும் காகமாகவும் பிறப்பான். யாருக்குக் கொடுத்தார், ஏன் இந்தக் குளிர்மலையில்? அது அவருக்கும் தெரியாது, இன்றுவரை எனக்கும் தெரியாது.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதைத் தன் பங்களாவுக்குப் படிக்கல்லாகக் கேட்டார். எடுத்தால் பாவம் என்றேன். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"என்னடா மூணாம் வகுப்பு, கல்லப் படிச்சிட்டியோ? நீயே தூக்கிட்டு வா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் இன்னொருவரும் கழியில் கட்டிச் சுமந்தோம். தோள் உரிந்தது ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பு ஆறவில்லை. அவர் கையாலேயே அதைப் பெயர்க்க வைப்பதென்று முடிவு செய்தேன்.

கொழுந்தெடுக்கும் பெண்களிடமெல்லாம் கல்லின் கதையைச் சொன்னேன். மிதிப்பவருக்கும் அதே கதிதான் என்பது நான் சேர்த்த பொய். அதன்பின் லீவு கேட்கப் போனவர்கள் முற்றத்திலேயே நின்றார்கள்.

"படியேறி வாங்களேன்" என்பார் கண்டாக்கையா.

"வேணாங்கய்யா. இந்தப் பொறப்பே போதும், வால் வேற எதுக்குங்க?"

பெரட்டில் பின் வரிசையிலிருந்து யாரோ குரைத்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

கடைசியில் அவர் மனைவியே பின்வாசலால் போகத் தொடங்கினார். ஒரு ஞாயிறு காலை, கண்டாக்கையா தானே கல்லைப் பெயர்த்து, வேர்க்க விறுவிறுக்கச் சரிவில் உருட்டி வந்தார். நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று பார்த்தோம்.

"ஒரு கை குடுங்கப்பா" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. பழைய குழியருகே போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அதுவும் போதவில்லை. மாலையில் அலவாங்கோடு தனியே போனேன். கல்லைக் குழிக்குள் நிமிர்த்தி, காகமும் நாயும் அவர் பங்களாவைப் பார்க்கும்படி திருப்பி, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினேன்.