மூக்கரின் அத்திப்பழம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒயின் சங்கத்தில் பெயர் மூக்கர். கடைக்கு மேல் மாடியில், லென்ஸ் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, மாதம் ஒரு முறை கூடுவார்கள். பெயர்போன சரக்கு கூடாது. மால்டா, சைப்ரஸ், சார்டினியா என்று மத்தியதரைக் கடலோரத்தில் யாரும் சீண்டாத ஒயின்கள்தான். லேபிள் தெரியாமலிருக்க பாட்டிலுக்குப் பழைய காலுறை மாட்டுவார்கள். மூக்கர் முகர்ந்து வாய் திறக்கும்வரை மற்றவர்கள் பேசக் கூடாது.

கடையில் அவரைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. எல்லாம் மச்சினன் பொறுப்பு. மகன் போன் செய்தால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவான். அந்த ஒரு மாலைதான் அவருக்கு.

ஒரு காய்ச்சலில் வாசனை போயிற்று. திரும்பவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிளாஸைச் சுழற்றி, நிறத்தைப் பார்த்து, பழைய நினைப்பில் எதையாவது சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று கிரீட் தீவின் சிவப்பு. தக்கை கெட்டு, ஒயின் நனைந்த அட்டைப்பெட்டிபோல் நாறியது. அவர் கண்ணை மூடி முகர்ந்தார்.

"அத்திப்பழம். கொஞ்சம் ஏலக்காய்."

பல் டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார். "அத்தியேதான் அண்ணே." தையற்கடை அக்காவும் குடித்தாள். கிளாஸைத் தள்ளி வைத்த மச்சினன், தன் அக்காவான மூக்கரின் மனைவி பார்த்த பார்வையில் மறுபடி எடுத்துக்கொண்டான்.

அந்தப் பார்வையை மூக்கரும் பார்த்துவிட்டார்.

எல்லோரும் போனபின், அந்த ஒயினுக்கு என்ன என்று மனைவியிடம் கேட்டார். அவள் கிளாஸ் கழுவுவதை நிறுத்தவில்லை.

"பால் தீஞ்சு வீடே நாறினப்ப பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருந்தீங்களே, அன்னிக்கே தெரியும். நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். அவர் என்ன சொன்னாலும் தலையாட்டுங்க, அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்னு."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

அடுத்த மாதம் அவர் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார். தன் மூக்கு செத்துப்போய்விட்டது, இனி டாக்டர் முதலில் சொல்லட்டும் என்றார். ஆச்சரியப்பட வேண்டும் என்பது யாருக்கும் உடனே தோன்றவில்லை.

டாக்டர் ஊற்றினார். வெள்ளை. சங்கம் தொடங்கியதிலிருந்து அவர் முதலில் பேசியதே இல்லை. முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். நெற்றி வியர்த்தது.

"அத்திப்பழம்," என்றார்.

எல்லோரும் மூக்கரைப் பார்த்தார்கள். அவர் ஒரு மடக்குக் குடித்தார். நாக்கில் புளிப்பு மட்டும் இருந்தது.

"அத்தியேதான் டாக்டர்," என்றார்.